ஆண்கள் வராத ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கைப் பட்டாணியில் உங்கள் சர்க்கஸ் ஆட்டத்தைப் பார்த்தேன். முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து எல்லோரையும் விசாரித்தேன். ஊஞ்சல் பாரில் பறக்கும் பெண் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே சலித்துக்கொண்டாள். "எல்லாம் பொம்பளைங்களும் சின்னப் பிள்ளைங்களும்தான்மா. ஆம்பளைங்க வெளிய நின்னு சிகரெட் குடிக்கிறாங்க, இல்லன்னா வீட்டுல வீடியோ பார்க்கிறாங்க. ஆடவே மனசு வரல லா."

அப்போது நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நீங்களும் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றும் அவசரத்தில் இருந்தீர்கள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் நின்றுவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை பேசுங்கள் என்று இன்று என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பாரை எப்படிப் பிடிப்பது, வலையில் எப்படி விழுவது என்பதையெல்லாம் உங்கள் மாஸ்டர் கற்றுக்கொடுப்பார். நான் வேறொன்று சொல்கிறேன். கேலரியில் ஒரு ஆண்கூட வந்து உட்காரக் கூடாது என்று ஒருநாள் நாங்கள் வேண்டிக்கொண்டு ஆடினோம். அந்தக் கதை.

நான் வளர்ந்த சர்க்கஸ் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தது. பினாங்கில் இறங்கி, கெடாவுக்குள் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகச் சுற்றும். சம்பளம் போட்ட வாரம் பார்த்துத்தான் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போவோம். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் அன்று பால்வெட்டு சீக்கிரம் முடிந்துவிடும். குதிரைக்கு வாரிவிடுவதைப் பார்க்கவே பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பார்கள். ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும், இன்னொரு வீட்டிலிருந்து பலாப்பழம் வரும். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது பிறந்த பெண் குழந்தைக்குப் பவளம் என்று என் பெயரையே வைத்தார்கள். அவள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.

ஜப்பான்காரன் வந்தபோது நாங்கள் கோலா கெத்திலில் மாட்டிக்கொண்டோம். முதலாளி புது மிருகங்கள் வாங்க இந்தியாவுக்குப் போயிருந்தார். கப்பல் நின்றது, அவரிடமிருந்து வரும் தகவலும் நின்றது. குதிரைகளைப் பட்டாளம் ஓட்டிக்கொண்டு போயிற்று. கிழட்டுச் சிங்கத்துக்கு இறைச்சி கிடைக்கவில்லை. எங்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்த மாஸ்டர் ஆற்று மீனைப் பிடித்துப் போட்டுப் பார்த்தார், அது முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அது செத்த அன்று அவர் ராத்திரி முழுக்கக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எழுந்து, கூடாரம் இருக்கிறது, நாம் இருக்கிறோம், ஆட்டம் இருக்கிறது என்றார். அவருடைய பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. முதலாளி இல்லாத அந்தக் காலத்தில் எங்களைச் சிதறவிடாமல் வைத்திருந்தது அந்த மனிதர்தான்.

அந்த நாட்களில் ராத்திரியில் விளக்கு வைக்கக் கூடாது. அதனால் பிற்பகலிலேயே ஆடுவோம். வெளிச்சத்துக்காகக் கூடாரத்தின் சுற்றுத் துணியை மேல் பக்கம் கொஞ்சம் இறக்கிவிடுவோம். டிக்கெட்டுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு, கருவாடு, ஒரு கை உப்பு. என்னோடு பாரில் ஆடியவர் முத்தையா. நான் பறந்து போனால் மறுபக்கத்துப் பாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடிப்பவர் அவர்தான். கீழே தரையில் அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. பேசத் தெரியாதவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பிடிக்கும் கையில் மனிதரின் குணம் தெரிந்துவிடும்.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது, ஒருநாள் ஒரு ஜப்பான் அதிகாரி மொழிபெயர்ப்பவர் ஒருவரோடு எங்கள் கூடாரத்துக்கு வந்தார். மொழிபெயர்ப்பவர் டவுனில் வேலை பார்த்த தமிழர், கண்ணாடி போட்டவர், எப்போதும் தரையைப் பார்த்தே பேசுவார். பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஜனங்களுக்கு இலவசமாக ஆட்டம் காட்ட வேண்டும், ஜனங்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள், அவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்றார். எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி இறங்கியது. அரிசியைப் பார்த்து எவ்வளவு காலமாகியிருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் கோமாளி கோவிந்தண்ணன் மூட்டைக்குள் கையை விட்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை.

தோட்டத்துக்குப் போய்க் கூடாரம் போட்டோம். ஜனங்கள் ஓடி வந்து பார்த்தார்கள். ஆனால் பழைய கூட்டம் இல்லை அது. கோணிச் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். பால்வெட்டு பாதி நின்றுபோய், மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு ஆணுக்கும் அரிசி கொடுப்பார்கள் என்று கங்காணி வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் மாஸ்டரின் முகம் மாறியது. ஆணுக்கு மட்டும் ஏன் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கோவிந்தண்ணன் முளை அடிக்கக் கட்டை தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். ரப்பர் தகடுகளைக் காய வைக்கும் புகை வீட்டுக்குப் பின்னால் லாரிகள் நிற்கின்றன, ஒன்றிலும் சாமான் இல்லை, ஓட்டுகிறவர்கள் உள்ளேயே படுத்திருக்கிறார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். கோலா கெத்தில் பாசாரில் யாரோ பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கிறார். வேறொரு தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஜனங்களைக் கூட்டி, வாசலை அடைத்து, ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்களாம். சயாமில் காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் வேண்டும். தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கு நேராக லாரி போனால் ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் படம். அதனால்தான் இப்போது நாங்கள்.

திரைக்குப் பின்னால் நின்று பேசினோம். ஆட முடியாது என்று சொல்லிவிடலாம் என்றேன் நான். சொன்னால் நம்மையும் அடிப்பார்கள், லாரியும் லயத்துக்குப் போகும் என்றார் கோவிந்தண்ணன். கடைசியில் மாஸ்டர், ஆடுவோம் என்றார். அவர் கணக்கு இதுதான். கேலரி காலியாக இருந்தால் அந்த நிமிஷமே சந்தேகம் வரும். பெண்களும் பிள்ளைகளும் வந்து நிறைத்துவிட்டால், ஆண்கள் பின்னால் வருவார்கள் என்று அதிகாரி காத்திருப்பார். அவர் காத்திருக்கும் நேரமெல்லாம் ஆண்கள் ஆற்றைப் பார்த்து நடக்கும் நேரம். நாம் செய்ய வேண்டியது ஆட்டத்தை நீட்டுவது ஒன்றுதான்.

ஆனால் இதை லயத்துக்குச் சொல்வது எப்படி? அதற்குள் சிப்பாய்கள் கூடாரத்தைச் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள், எங்கள் ஆண்களை நகரவே விடவில்லை. பெண்களை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கிழிந்த ஆட்டச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஊசி நூல் கேட்கப் போகிறேன் என்று சைகை காட்டிவிட்டு நான் நடந்தேன். ஒரு சிப்பாய் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து, லயத்துக் குழாயடியில் நின்றுகொண்டான்.

குழாயில் ஒரு பெண் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ராசம்மா. என்னைவிடச் சில வயது மூத்தவள். என் சட்டையில் தைத்திருந்த மணிகளைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நீதான் மேல பறக்குற பொண்ணா? என் வீட்டுக்காரரு சின்னதுல உங்க சர்க்கஸ பார்த்தவரு. காலையிலேர்ந்து அதே பேச்சுதான்."

நான் சட்டையின் கிழிசலை அவளிடம் காட்டினேன். சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிசலில் விரலை வைத்துக்கொண்டே சொன்னேன். "அக்கா, அவர வரவேணாம்னு சொல்லுங்க. புகை வீட்டுக்குப் பின்னால காலி லாரியா நிக்குது."

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. அதைக் கலைக்காமலே, "சயாமுக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. எல்லா வீட்டுக்கும் சொல்லுங்க. ஆனா பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாரும் கட்டாயம் வந்திருங்க. கேலரி நிறைஞ்சிருக்கணும். சிரிக்கணும்."

பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கினாள். வீட்டிலிருந்து ஊசி நூல் எடுத்து வந்து கொடுத்தாள். சிப்பாயின் கண்முன்னாலேயே கிழிசலைத் தைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்குப் பெண்கள் வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். நடக்க முடியாத சில கிழவர்கள் வந்தார்கள். கேலரி நிறைந்தது. முன்வரிசையில் உட்கார்ந்த அதிகாரி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆண்கள் எங்கே என்று கேட்டார். மாஸ்டர் குனிந்து வணங்கிவிட்டு, அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். ஜப்பான்காரர்கள் ஊர் முழுக்கக் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஆனால் தோட்டத்து ஜனங்கள் சூரியனைப் பார்த்துத்தான் நடந்தார்கள். அதைத்தான் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "அவங்க இன்னும் பழைய மணிக்குத்தான் வருவாங்க ஐயா. பார் ஆட்டத்துக்கு டிரம் அடிச்சா ஒருத்தர் பாக்கி இல்லாம வந்திருவாங்க." மொழிபெயர்ப்பவர் அதை அப்படியே சொன்னார் என்று நினைக்கிறேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அன்று கோவிந்தண்ணன் செய்த கோமாளித்தனத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. வழக்கமாக ஒரு நாற்காலியில் உட்காரப் போய் விழுவார், அது ஒரு சின்ன வேடிக்கை. அன்று அந்த நாற்காலியில் உட்காருவதையே முழு ஆட்டமாக்கிவிட்டார். அதனிடம் கெஞ்சினார், அதைத் துடைத்துவிட்டார், கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். தங்கள் புருஷனும் தம்பியும் அந்த நேரத்தில் சேற்றில் இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தே சிரித்தார்கள். ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. யாராவது பார்த்தால் சிரிப்பு தாங்காமல் அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். கூட்டம் வெறுமனே உட்கார்ந்து பார்க்கிறது என்று நீங்கள் ஒருபோதும் எண்ணாதீர்கள். அன்று ரிங்கில் இருந்த எங்களைவிடக் கேலரியில் இருந்தவர்கள்தான் கஷ்டமான ஆட்டம் ஆடினார்கள்.

அதிகாரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். இனி நீட்ட முடியாது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது. என்னையும் முத்தையாவையும் பார்த்துத் தலையசைத்தார். டிரம் அடித்தது.

ஏணியில் ஏறி மேல்பலகையில் நின்றேன். சுற்றுத் துணியை இறக்கிவிட்டிருந்ததால் அங்கிருந்து வெளியே எல்லாம் தெரிந்தது. ரப்பர் மரங்களின் வரிசை, அதற்கப்பால் ஒரு மண்சாலை, சாலையைத் தாண்டினால் ஆற்றோரப் புதர். அனேகமாக எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஆனால் மரங்களுக்கு நடுவே மூன்று பேர் இன்னும் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவனுக்குக் கால் நிலைக்கவில்லை, மலேரியாக் காய்ச்சலாக இருக்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் அவனைத் தோளில் தாங்கி இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அந்த மண்சாலையைக் கடந்தாக வேண்டும். அந்தச் சாலையை நோக்கித்தான் கூடாரத்தின் பின்வாசலில் நின்ற சிப்பாய், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிகரெட் பற்றவைத்தபடி நடக்கத் தொடங்கியிருந்தான்.

நமது தொழிலில் ஒன்று உண்டு. ஆடுகிறவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் கூட்டமும் பார்க்கும். நான் வெளியே பார்த்தால் அதிகாரியும் திரும்பிப் பார்ப்பார். கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, நான் திருப்பக் கூடாது. எதிர்ப் பாரில் தொங்கிக்கொண்டிருந்த முத்தையா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "என் கையப் பாரு, பவளம்" என்றார். அவர் கையைப் பார்த்தேன். பறந்தேன். பிடித்தார்.

அவர் பிடியில் ஆடிக்கொண்டே யோசித்தேன். கூச்சல் ஒன்று கேட்டால் அந்தச் சிப்பாய் திரும்பி உள்ளே ஓடி வருவான். கைதட்டலுக்குத் திரும்ப மாட்டான், கைதட்டலைக் கேட்டுப் பழகிவிட்டான். ஆள் விழுந்தால் வரும் கூச்சலுக்குத் திரும்புவான்.

"விடுங்க" என்றேன்.

அவர் பிடி இறுகியது. வலை பழையது, எத்தனையோ ஒட்டு விழுந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வெளிய ஆள் இருக்கு. விடுங்க."

தலைகீழாகத் தொங்குகிறவருக்கு அந்தப் பக்கம் போகும்போது வெளியே தெரியும். பாரின் ஒரு வீச்சு அந்தப் பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. அப்போது அவர் கையைத் திறந்தார்.

நான் கத்திக்கொண்டே விழுந்தேன். கத்துவதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. வலையில் குறுக்காக மோதி, தெறித்து, ஓரத்தில் உருண்டு, தோள் தரையில் பட விழுந்தேன். கேலரி முழுக்க எழுந்து அலறியது. பிள்ளைகள் அழுதார்கள். நான் மண்ணில் முகம் புதைந்து கிடந்தபோது, ஓடி வரும் பூட்ஸ் சத்தம் கேட்டது. பின்வாசல் பக்கமிருந்து வந்த சத்தம் அது. அப்போதுதான் மூச்சை விட்டேன்.

அதிகாரியே வந்து குனிந்து பார்த்தார். மொழிபெயர்ப்பவர் பக்கத்தில் வந்து முதன்முறையாகத் தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் தமிழில், "வேணும்னே விழுந்தியா?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நிமிர்ந்து அதிகாரியிடம் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அதிகாரி எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். மொழிபெயர்ப்பவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லதாகத்தான் இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் லயங்களில் தேடினார்கள். ஒருவரும் இல்லை. அதிகாரியின் கோபம் எங்கள் பக்கம் திரும்பியது. லாரிகள் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்றார். எங்கள் ஆண்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். மாஸ்டர் முன்னால் வந்து, நான்தான் பொறுப்பு, என்னைக் கொண்டுபோங்கள் என்றார். ஒரு சிப்பாய் அவரைக் கன்னத்தில் அறைந்து தள்ளிவிட்டான். அவருக்கு வயதாகிவிட்டது, கோவிந்தண்ணனோ எலும்பும் தோலுமாக இருந்தார், அவர்களை வேண்டாம் என்றார்கள். கூடாரம் கட்டும் ஆட்களையும் முத்தையாவையும் எடுத்துக்கொண்டார்கள். தோள் பலமுள்ளவர்கள் எல்லோரையும்.

நான் வைக்கோலில் கிடந்தேன். தோள் மூட்டு விலகியிருந்தது. சிப்பாய் பின்னால் நிற்க, முத்தையா வந்து என் பக்கத்தில் குந்தினார். ஏதோ தப்புச் செய்துவிட்டு விளக்கம் சொல்கிறவர் போல மெதுவாகப் பேசினார்.

"பாரு முதல் வீச்சுலயே விட்டிருப்பேன். அப்ப விட்டா ஒட்டுப் போட்ட மூலைக்குப் போயிருப்ப. அதான் ஒரு வீச்சு பொறுத்தேன்."

"தெரியும்" என்றேன். எனக்கு விழும்போதே தெரிந்திருந்தது.

நாங்கள் பேசியது அவ்வளவுதான். அவர் எழுந்து லாரிக்குப் போனார். இந்தத் தொழிலில் அவசரத்தில் ஒரு நொடி பொறுக்கத் தெரிந்தவரை நீங்கள் சந்தித்தால், அவரோடு பாரில் ஏறுங்கள். வேறு தகுதி எதையும் கேட்க வேண்டாம்.

என்னை ராசம்மா தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் கழித்து அவள் புருஷன் வேலு ஆற்றுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தான். மண்சாலையைக் கடந்த மூன்று பேரில் அவனும் ஒருவன், காய்ச்சல்காரன் அவன் தம்பி. எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் பிறகும் ஆள் பிடிக்க வந்தார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டும் போனார்கள். அன்று அந்தத் தோட்டத்தில் யாரும் போகவில்லை, அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

ஆண்கள் இல்லாமல் கூடாரத்தைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. அது தோட்டத்துக் கொட்டகையில் மடித்துக் கிடந்தது. ஒருநாள் ராசம்மாவின் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை பெற்றாள். வெளியே வரக் கட்டத் துணியில்லாமல் அவள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள், பிள்ளையைச் சுற்றவும் துணியில்லை. இது மாஸ்டர் காதுக்குப் போனது. அவர் கொட்டகைக்குப் போய்க் கத்தரிக்கோல் கேட்டார். கூடாரத்தின் முதல் துண்டை அவரே வெட்டினார். பிறகு கத்தரிக்கோலைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். முரட்டுத் துணிதான், துவைத்துத் துவைத்து இளக்கினார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் நீலக் கோடு போட்ட பாவாடையும் கால்சட்டையுமாக நடமாடினார்கள். கோவிந்தண்ணன் அதைப் பார்த்துவிட்டு, இப்பத்தான் நம்ம சர்க்கஸ் உண்மையிலேயே பெரிசா இருக்கு என்றார்.

சினிமா வந்து சர்க்கஸை அழித்தது, டெலிவிஷன் வந்து அழித்தது என்று உங்களிடம் பலர் சொல்லுவார்கள். அதிலும் உண்மை உண்டு. சண்டை முடிந்த பிறகு இந்தியாவிலிருந்து வேறு சர்க்கஸ்கள் வந்தன, நான் அவற்றில் முழங்கால் கைவிடும் வரை ஆடினேன். என் கண்ணெதிரேயே எல்லாம் சுருங்கியது. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், லயங்கள் காலியாயின, பிள்ளைகள் பினாங்குத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறினார்கள். நான்கு கம்பக் கூடாரம் இரண்டு கம்பமாயிற்று. நாங்கள் வருவதற்காக வேலையைச் சீக்கிரம் முடித்த ஒரு ஊர் இப்போது எங்கும் இல்லை. எனக்கு அது வலிக்கிறது, மறைக்க மாட்டேன். சில சாயங்காலங்களில் குதிரைச் சாணியின் வாடைக்காகக்கூட மனம் ஏங்குகிறது. ஆனால் என் சொந்த சர்க்கஸை, நான் நடக்கப் பழகிய கூடாரத்தை, சினிமாவும் தொலைக்காட்சியும் அழிக்கவில்லை. ஜனங்கள் உடுத்தித் தேய்த்தார்கள். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

முத்தையாவைப் பற்றிக் கேட்க நினைக்கிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

சண்டை முடிந்து மாதங்கள் கழிந்தும் அவரைப் பற்றித் தகவல் இல்லை. சயாமிலிருந்து திரும்பியவர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்பேன். பெரும்பாலும் தலையை ஆட்டுவார்கள். சிலர் கேள்வியே காதில் விழாதவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்டர் கோலா கெத்திலில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டார். நான் ராசம்மா வீட்டிலேயே தங்கிப் பால்வெட்டப் பழகியிருந்தேன்.

ஒருநாள் காலை, வேலு சைக்கிளில் பாடாங் மேஹா சாலை முக்குக்குப் போயிருந்தான். அங்கே ஒரு லாரி ஒரு ஆளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அந்த ஆள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது, புண்ணின் நாற்றம் சாலை வரைக்கும் வந்ததாம். முகத்தைப் பார்த்து வயது சொல்ல முடியவில்லை. வேலு அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான்.

"இந்தத் தோட்டத்துல ஒரு பொண்ணு விழுந்துச்சு. சர்க்கஸ்காரப் பொண்ணு. உயிரோட இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

வேலு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவர் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். "ஏறுங்கண்ணே."

அவர் வேண்டாம் என்றிருக்கிறார். புண் வடிகிறது, சட்டையெல்லாம் ஆகிவிடும், சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளினால் போதும் என்றிருக்கிறார்.

"தள்ளுனா குலுங்கும், கால் வலிக்கும். சட்டையத் துவைச்சுக்கலாம். ஏறுங்க."

நான் வாசலில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வேலு குனிந்து மெதுவாக நடந்து வருவது தெரிந்தது. முதுகில் ஒரு ஆள். முதலில் பிள்ளை என்றுதான் நினைத்தேன், அவ்வளவு சின்னதாக இருந்தார். பக்கத்தில் வந்ததும் வேலுவின் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த அந்த இரண்டு கைகளையும் பார்த்தேன். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கத்தியைக் கீழே வைத்தேன். வேலு அவரைப் பலகைக் கட்டிலில் மெல்ல இறக்கினான். ராசம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுப்பில் வெந்நீர் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் பாதியில் விட்ட கிழங்கை எடுத்து நறுக்கத் தொடங்கினாள்.